ஊதிப் பார்த்த கோடித்துணி

பாறசாலை ஜவுளிக்கடையில் மத்தியான வெயில் மேசை வரை வந்து நிற்கிறது. தன்னைத்தானே 'சவுண்ட் எஞ்சினீயர்' ஆக்கிக்கொண்ட ராஜதாஸ், பிணத்துக்குப் போர்த்தும் மலிவான கோடித்துணியைத் தடவுகிறார். வீட்டு ஒலிப்பதிவு அறையில் எதிரொலியை அடக்க, தேங்காய்நார் அடைத்த சட்டங்களை மூடப் பன்னிரண்டு மீட்டர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சபைப் பாடகர்கள் வருகிறார்கள். கையிலிருக்கும் பணமோ பத்து மீட்டருக்குத்தான் காணும்.

"பன்னிரண்டு மீட்டரா? பஸ்ஸு வல்லதும் மறிஞ்சு நெறையப் பேரு செத்துட்டாவளா அண்ணா?" என்கிறாள் கடைக்காரி பிரேமகுமாரி.

மூச்சு போகும் துணியில்தான் ஒலியும் போகும் என்பது எஞ்சினீயரின் சாஸ்திரம். துணியை வாயோடு அழுத்தி, கண்ணை மூடி ஊதுகிறார். தோள் குலுங்குகிறது.

"அய்யோ, அழாதீங்க அண்ணா. விதியாக்கும். வெலையைக் கொறச்சுத் தாறேன்."

மூச்சு தாராளமாகவே போகிறது. ஆனாலும் எஞ்சினீயர் துணியை முகத்திலிருந்து எடுக்கவில்லை.