மெஷினுக்குப் பின்னால்

சும்மா கிடந்த தையல் மெஷினைத் துடைக்கப் போன அம்மாவுக்குப் பகீரென்றது. அதன் பின்னால் பக்கத்து வீட்டுக் குடை, மாடி வீட்டுப் பாப்பாவின் பொம்மை, டீச்சரின் சாப்பாட்டுப் பை!

"சிட்டு! இங்க வாடி. இதெல்லாம் யாரோடது?"

"அவங்கவங்களோடது" என்றாள் ஐந்து வயது மகள், அசராமல்.

"கேக்காம எடுத்தா அதுக்குப் பேர் என்ன தெரியுமா? டீச்சர் பொருள்லயே கை வைக்கற அளவுக்குத் துணிச்சலா?"

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். எந்த நிமிஷம் யார் வந்து கதவைத் தட்டுவார்களோ! பிழைப்புதான் படுத்துவிட்டது, மானமும் போகணுமா?

"நட. இப்பவே எல்லாத்தையும் குடுத்துட்டு மன்னிப்புக் கேக்கற."

"இப்ப வேணாம்மா!" சிட்டு பையை இறுக்கிக்கொண்டாள். "இன்னும் முடியலையே."

"என்னடி முடியல?"

சிட்டு பையைத் திருப்பிக் காட்டினாள். வார் அறுந்து தொங்கியது. பொம்மையின் தோளில் பஞ்சு பிதுங்கியது. குடைத் துணி கிழிந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"கிழிஞ்சதைத் தைக்க இப்பல்லாம் யாருமே கொண்டு வர்றதில்லன்னு அப்பாகிட்ட அழுதியே. அதான் நானே கொண்டு வந்துட்டேன்."

"மன்னிப்பு மட்டும் கேட்டே ஆகணும்" என்று முணுமுணுத்தபடி அம்மா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள்.

ஊசிக் காதுதான் கண்ணுக்குத் தெரியவில்லை.