நாற்பத்திரண்டு முதுகுப்பைகள்

“சார், உங்க காலுக்கு நம்ம கடை ஷூ சரிப்படாது. எதிர்க்கடைக்குப் போங்க. அங்க அகலமா கிடைக்கும்.”

கல்லாவில் இருந்த முதலாளியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சொன்னது அவளிடமே இருபது வருஷமாக வேலை பார்க்கும், எல்லோரும் மீசை என்று கூப்பிடும் விற்பனையாள். வந்தவரை, ஷூ போட்டு நடந்து பார்க்கக் கடைக்குள் வைத்திருக்கும் மரச்சரிவில் நாலு தடவை ஏறி இறங்க வைத்துவிட்டு, வாசல் வரை போய்க் கைகாட்டி வழியனுப்பவும் செய்தாகிவிட்டது.

“மீசை, இங்க வா. நீ யார்கிட்ட சம்பளம் வாங்கறே?”

“உங்ககிட்டதாம்மா.”

“அப்புறம் அவனுக்கு எதுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கறே?”

“அவருக்குப் பாதம் அகலம்மா. நம்ம ஷூவைப் போட்டு மலை இறங்கினா கட்டைவிரல் நகமே கழண்டுடும்.”

“அவர் நகம், அவர் பாடு!”

‘அவன்’ என்றது அவளுடைய கூடப்பிறந்த தம்பியை. மலையேறப் போகிறவர்களுக்கு ஷூ, டென்ட், முதுகுப்பை விற்கும் இந்தக் கடையில் எட்டு வருஷம் அவளோடு நின்றவன். ஒருநாள் வாய்த்தகராறு முற்றி வெளியே போனவன், நேர் எதிரிலேயே அதே வியாபாரத்தைத் தொடங்கினான். அன்றோடு பேச்சு அறுந்தது.

முதல் வருஷம் அவள் கடை ஈயோட்டியது. மழைக்கோட்டுகள் மாட்டிய இடத்திலேயே வெளுத்தன. இழுத்து மூடிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

ஆனால் இந்த ஆறு மாதமாக யோகம்தான்! கல்லூரி, மலையேற்றக் குழு என்று பெரிய பெரிய ஆர்டராக வந்து விழுந்தது. போன வாரம் கடையில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள்.

“என்கிட்ட தொழில் கத்துக்கிட்டு என்னையே ஜெயிக்கப் பார்த்தான். மண்ணைக் கவ்விட்டான், பாத்தீங்களா?” என்று எதிர்ப்பக்கம் கேட்கும்படியே சொன்னாள்.

அப்படி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது மீசை இப்படியா?

“இந்த வாரத்துல இது மூணாவது ஆள். நானும் பாத்துட்டுதான் இருக்கேன். நாளையிலேருந்து நீயும் அங்கேயே போயிடு.”

மீசை எதிர்க்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, இறைந்து கிடந்த ஷூக்களைப் பெட்டியில் அடுக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சர் உள்ளே வந்தாள்.

“எங்க ஸ்கூல் பிள்ளைங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறோம்மா. நாப்பத்திரண்டு பை வேணும். எல்லாம் சின்ன சைஸ்.”

முதலாளியம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. ஆர்டர் எப்படித் தேடி வருகிறது பார் என்பதுபோல மீசையை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஒவ்வொரு பிள்ளைக்கும் முதுகு அளக்கணுமே டீச்சர். பிடரியிலேருந்து இடுப்பெலும்பு வரைக்கும். இல்லேன்னா பாரமெல்லாம் தோள்ல இறங்கிடும்” என்றாள்.

“அதெல்லாம் அளந்தாச்சும்மா” என்று டீச்சர் ஒரு தாளை நீட்டினாள்.

நாற்பத்திரண்டு பெயர்கள். பக்கத்திலேயே முதுகு அளவு. அதிகம் சுமக்க முடியாத பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி.

அப்படிப் புள்ளி வைப்பது அவளே கொண்டுவந்த பழக்கம். அவள் அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒருவனுக்குத்தான்.

“இதை... யார் அளந்தது?”

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சொல்லக் கூடாதுன்னார். எதிர்க்கடைக்காரர்தாம்மா. நேத்து ஸ்கூலுக்கே வந்து நாள் முழுக்க அளந்தார். அளந்து முடிச்சுட்டு, ‘இந்த சைஸ் எங்க அக்கா கடையிலதான் கிடைக்கும், அங்க போங்க’ன்னுட்டார்.”

முதலாளியம்மா மெல்ல மீசையின் பக்கம் திரும்பினாள்.

“அப்போ அந்தக் காலேஜ் ஆர்டர்?”

“அதுவும்தாம்மா.”

“மலையேற்றக் குழு?”

“எல்லாமேதாம்மா. உங்களுக்குத் தெரிஞ்சா ஆர்டரையே திருப்பி அனுப்பிடுவீங்கன்னு, தம்பி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்.”

முதலாளியம்மா அந்தத் தாளை மீசையிடம் நீட்டினாள்.

“சரி சரி, மசமசன்னு நிக்காதே. போய் பையை எல்லாம் இறக்கு. நாளைக்கும் வேலை கிடக்கு, நேரத்தோட வந்து சேரு.”

மீசை பாய்ந்து ஓட, அவள் டீச்சரிடம் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்: “அவன்கிட்ட சின்ன சைஸ் தீர்ந்து போயிருக்கும் டீச்சர். அதான் இங்க அனுப்பியிருக்கான்.”

“நீங்க வேறம்மா!” என்றாள் டீச்சர். “அவர் கடையில கூரை முட்ட அந்தப் பைதான் அடுக்கியிருக்கு. ‘அது விற்பனைக்கு இல்லை’ன்னு ஒத்தக் கால்ல நின்னுட்டார்!”