சத்து மாத்திரை

டாக்டர் டார்ச்சை அணைத்தார். பிள்ளையின் வாயை மெதுவாக மூடிவிட்டார்.

"இவ வயித்துல இருக்கும்போது என்ன மாத்திரைம்மா சாப்பிட்ட?"

அழகம்மாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் வேறொரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மண்ணைத் தின்றேன் என்று சொல்லிவிடத்தான் வந்திருந்தாள்.

செல்லத்தாய்க்குப் பல் முளைத்ததிலிருந்து கீழக்குயில்குடியில் அதுதான் பேச்சு. முளைத்ததெல்லாம் துருப்பிடித்த ஆணி மாதிரி பழுப்பு. மசக்கையில் மலையடிவாரத்துச் செம்மண்ணை அழகம்மாள் கிள்ளி வாயில் போட்டதை யாரோ பார்த்திருந்தார்கள். தண்ணிக்குப் போனால், மண்ணு இனிக்குமா புளிக்குமா என்று கேட்பார்கள். பேத்தி சிரித்தால் மாமியார் ஓடிவந்து வாயைப் பொத்துவாள்.

இப்போது பிள்ளையே பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறது. நாலு வயசு.

அழகம்மாளும் நம்பினாள். தின்றது உண்மைதானே.

அவள் புருஷன் நல்லகாமன் மட்டும் ஒருநாளும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. தல்லாகுளத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். பிள்ளையை டாக்டரிடம் காட்டலாம் என்றால், விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்கு டாக்டர் என்று தட்டிக்கழித்தான். இந்தத் தடவை அவள் விடவில்லை. கே.கே. நகர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அவன் வாயே திறக்கவில்லை.

குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டு அழகம்மாள் சொன்னாள்.

"சத்து மாத்திரைதான்யா. இவுகதான் கடையில இருந்து கொண்டாந்து குடுத்தாக. பாதி மஞ்ச, பாதி செகப்பு. உள்ள பொடி இருக்கும். மண்ணும் தின்னேன்யா."

டாக்டர் நல்லகாமனைப் பார்த்தார். நல்லகாமன் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தான்.

அது சத்து மாத்திரை இல்லை என்றார் டாக்டர். முகப்பருவுக்குக் கொடுக்கிறது. நல்ல மருந்துதான், கிருமியைக் கொன்றுவிடும், ரெண்டு மூணு மாசத்தில் முகம் தெளிந்துவிடும். சிலருக்கு வயிறு எரியும், குமட்டும். அதெல்லாம் பெரிசில்லை. ஆனால் பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கவே கூடாது. உள்ளே இருக்கிற பிள்ளையின் பல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அழகம்மாளின் கை தானாகக் கன்னத்தைத் தடவியது.

கல்யாணப் பந்தியிலேயே அவனுடைய சேக்காளி ஒருத்தன், பலாப்பழத்துக்குப் போய் மாலை போட்டிருக்கயே மாப்ள என்று சொல்லிச் சிரித்தான். நல்லகாமன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு தெருவில் அவளோடு சேர்ந்து நடந்ததில்லை. பத்தடி முன்னால் போவான்.

வளைகாப்பு வந்தபோது அவள் முகம் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. பிள்ளைத்தாச்சிக் களை என்றார்கள். அவனே ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனான். பின்னால் கண்ணாடி வைத்து, பூ ஜடை தெரிகிற மாதிரி ஒரு படம். வருகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலுக்கு நேரே மாட்டினான். ஸ்டூடியோவிலிருந்து திரும்பும்போது கூடவே நடந்து வந்தான்.

எல்லாம் பிள்ளை கொண்டுவந்த யோகம் என்று நினைத்திருந்தாள்.

"தெரியாமக் குடுத்துட்டேன் சார்" என்றான் நல்லகாமன்.

அழகம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த மாத்திரைய பால்ல போடக் கூடாதாய்யா?"

"கூடாதும்மா. பாலோட சேந்தா மருந்து வேலை செய்யாது. வெயில்லயும் அலையக் கூடாது, தோலு கருத்துப்போகும். மருந்துக்கடையில இருக்கவங்களுக்கு இதெல்லாம் தெரியுமே."

தெரிந்திருந்தது.

அவள் பால் தம்ளரை எடுத்தபோது, பால் வேணாம், தண்ணியில போடு என்று வாங்கி வைத்தவன் அவன்தான். வெயிலில் போகாதே என்றவனும் அவன்தான். களையெடுக்கவும் கதிரறுக்கவும் போய் வளர்ந்த உடம்பு. பிறந்த வீட்டிலும் சரி, வந்த வீட்டிலும் சரி, வெயிலில் நிற்காதே என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான், நெஞ்சு எரிய எரிய, அத்தனையையும் விழுங்கினாள்.

"மண்ணுன்னு ஊரே சொன்னப்ப கேட்டுக்கிட்டுத்தானே நின்னீக" என்றாள், தரையைப் பார்த்தபடி.

டாக்டர் பிள்ளையின் தலையைத் தடவினார். இது பால் பல்தான், விழுந்து வெள்ளையாக முளைத்துவிடும் என்றார். அடுத்த பிள்ளைக்குக் கவனமாக இருந்தால் போதும் என்றார்.

செல்லத்தாய் அவரைப் பார்த்துச் சிரித்தது, கையால் வாயை மூடிக்கொண்டு.

அழகம்மாள் சுருக்குப்பையைத் திறந்தாள். மடித்த தாள் ஒன்றை எடுத்து, டாக்டரின் மேஜைமேல் பிரித்து வைத்தாள்.

பாதி மஞ்சள், பாதி சிவப்பு.

டாக்டர் அதைப் பார்த்தார். அப்புறம் அவள் வயிற்றைப் பார்த்தார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. குடை நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தது. காலையில் வாசல்வரை ஓடிவந்து அவன் எடுத்துக் கொடுத்தது. அஞ்சாம் மாசம், வெயில் ஆகாது என்று சொல்லி.