முத்தத்துக்குக் கட்டம் இல்லை

"கதவைச் சாத்திட்டுக் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்று சர்வே எடுக்க வந்த தேவகிருபை கேட்டதும் அமிர்தவள்ளிக்குப் பகீரென்றது.

"இன்னாம்மா இது? பிள்ளைப்பேறு சர்வேன்னு சொல்றே. என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆவல. அவகிட்ட கேக்க இன்னா இருக்குது?"

"நாடு முழுக்கக் கல்யாணம் ஆவாதவங்களையும்தான் கேக்குறோம். தனியாத்தான் கேக்கணும்மா. அவங்க சொல்றது எதுவும் வெளிய போவாது."

முணுமுணுத்துக்கொண்டே அம்மா வெளியே போக, பூர்ணிமா கட்டிலில் சம்மணமிட்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவள் குவாலிட்டி செக்கர். இருபத்தாறு வயதுவரை ஊரே அவளிடம் கேட்டது 'எப்போ கல்யாணம்?' ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து பெண் பார்க்க வேறு வருகிறார்கள்.

கருத்தடை முறைகளைக் கேட்டதும் கடகடவென்று ஒப்பித்தாள். "பழகுறவர் யாராவது?" என்றதும் முகம் சிவந்துவிட்டது.

"ஒருத்தர் இருக்காரு மேடம். எங்க கம்பெனியிலயே டிசைன் செக்‌ஷன். பாகாயத்துலேர்ந்து வர்றாரு. தினம் அவங்கம்மா சமையலை ரெண்டு டப்பால கொண்டாந்து, ஒண்ணை எனக்குக் குடுத்துடுவாரு."

தேவகிருபைக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள். "உடலுறவு?"

"ஐயோ, இல்ல மேடம்! ஒரே ஒரு முத்தம்தான். போட்டுக்குங்க."

"முத்தத்துக்கு இதுல கட்டமே இல்லம்மா."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். வெளியே அம்மா சத்தமாக இருமினாள்.

டேப்லெட்டைப் பார்க்காமலேயே தேவகிருபை கேட்டாள். "அவங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ரொம்பக் கோவக்காரங்களாம். வேற மதத்துப் பொண்ணுன்னா வீட்டையே ரெண்டாக்கிடுவாங்கன்னு பயப்படுறாரு. ஆனா இவ்ளோ ருசியா கருவாட்டுக் கொழம்பு வெக்கிறவங்க அவ்ளோ கெட்டவங்களா இருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது."

தேவகிருபை டேப்லெட்டை அணைத்துப் பைக்குள் வைத்தாள். எழுந்தவள் பூர்ணிமாவின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினாள்.

"எங்க எபனேசர்கிட்ட நீயே சொல்லிடு, உன் மாமியாருக்குச் சம்மதம்னு."