ஜூரி அறைத் தேநீர்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகர வெயில் ஜூரி அறைக் கண்ணாடியைச் சுடுகிறது. கிரெய்க் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி சிரிக்கிறான். "ஃபேஸ்புக்ல தேடிட்டேன்ல! இந்தக் கொலகாரப்பய முன்னாடியே ஒரு பொண்ண அடிச்சு உள்ள போனவன்." தீர்ப்புச் சொல்ல அவனோடு அமர்த்தப்பட்ட மற்றவர்கள் கோப்பைக்குள் குனிகிறார்கள். "தேடக்கூடாதுன்னு நீதிபதி படிச்சுப் படிச்சுச் சொன்னாரேடா, தடியா!" என்கிறாள் டார்லீன். "போட்டுக் குடு போ," என்கிறான் கிரெய்க். " நம்மள வீட்டுக்கு அனுப்பிட்டு, வேற ஜூரி வச்சு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. அந்தம்மா திரும்பக் கூண்டேறி மக செத்த கதையச் சொல்லணும். சம்மதமா?" நேற்று அந்தத் தாயின் விரல்களைக் கூண்டு விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத்தான் கூட்டிப்போனார்கள். கதவைத் திறந்த நீதிமன்ற ஊழியர், "போலாமா?" என்கிறார். டார்லீன் எழுகிறாள். "நான் நீதிபதிகிட்டப் பேசணும்." வழிவிட ஒருவரும் நாற்காலியை நகர்த்தவில்லை.