யானைக் காதுக் கண்ணாடி

ஏரிக்குக் கிளம்பத் தயாராக, பைகளோடு வாசலில் நின்றாள் மனைவி. ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பிய பிக்கப் வண்டியின் இருபுறமும் யானைக் காது மாதிரி புதுக் கண்ணாடிகள்.

"இருந்த கண்ணாடிக்கு என்னங்க குறைச்சல்?"

"படகை இழுத்துட்டுப் போனா, அதுல படகு மட்டுந்தான் தெரியும். இதுல ரோடு முழுக்கப் பளிச்சுனு தெரியுது! படகு துளிகூட மறைக்கலை."

"அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"கிளம்பினதும் மெக்கானிக் தெருமுனை வரைக்கும் ஓடி வந்து, ரெண்டு கையையும் ஆட்டி டாட்டா காட்டினான். அதுகூடத் தெரிஞ்சுதுன்னா பாத்துக்கோ. மரியாதை தெரிஞ்ச மனுஷன்! நானும் பதிலுக்கு ஹாரன் அடிச்சேன்."

பைகளைப் படகில் வைக்கப் பின்பக்கம் போனவள், மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்த கொக்கியைப் பார்த்தாள்.

"ஏங்க, கண்ணாடி மாட்டுறதுக்காகப் படகைக் கழட்டி வெச்சாங்களா?"

"ஆமா, ஏன்?"

"அவரு காட்டினது டாட்டா இல்லைங்க!"