மேல்வீட்டுச் சுத்தியல்

மேல்வீட்டில் சுவர் இடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் கீழ்வீட்டுப் பெண் கெஞ்சினாள்.

"அண்ணே, ஒரு மணி நேரம் நிறுத்துங்களேன். பி.எச்டி. முடிச்சிட்டு, ஆராய்ச்சி வேலை கேட்டு எத்தனையோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிட்டேன். ஒண்ணுதான் கூப்பிட்டிருக்கு. இப்போ கம்ப்யூட்டர்ல பேட்டி."

"மீதிச் சுவரும் இன்னிக்கு இறங்கலன்னா எங்களுக்குக் கூலி கிடையாதும்மா."

பயந்துகொண்டே பேட்டிக்கு உட்கார்ந்தாள். கடைசிவரை ஒரு சத்தமும் இல்லை. பேட்டி கண்ட பேராசிரியர் அப்போதே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

பணத்தை எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

"வேலை கிடைச்சிருச்சுண்ணே! என்னால உங்க கூலி போச்சு. இதை வாங்கிக்குங்க."

சொல்லிவிட்டுத்தான் பார்த்தாள். சுவரைக் காணோம். ஆட்கள் சிராய்த்த விரல்களை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"சுத்தியலைத்தான் கீழே வச்சோம், வேலையை வைக்கலம்மா. கையாலயே ஒவ்வொரு கல்லா உருவிட்டோம்," என்று சிரித்தார் மேஸ்திரி. "காசை உள்ள வைங்க, டிக்கெட்டுக்கு ஆகும்."